ரோஜா நிறப் படமும் சாம்பல் நிறப் படமும்



எல்லாப் புகழும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகும். ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே, இளைஞர்களே, பெற்றோர்களே! இன்று இரண்டு படங்களைப் பற்றி உங்களுடன் பேச நாடுகிறேன். இரண்டுமே வானத்தின் படங்கள். இரண்டுமே நெபுலா எனப்படும் விண்முகிலின் படங்கள்.

முதலாவது படத்தை உங்களில் அநேகர் கண்டிருப்பீர்கள். கரிய வானத்தின் நடுவே இதழ் இதழாக விரிந்த செந்நிற ரோஜா போன்ற ஒரு தோற்றம். அதன் கீழே ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆம் வசனம் எழுதப்பட்டிருக்கும். ‘அல்குர்ஆன் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கூறியதை இன்று விஞ்ஞானிகள் படம் பிடித்துவிட்டார்கள், இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்ற அறிவித்தலும் உடனிருக்கும். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் மின்னஞ்சலில் உலாவிய இப்படம், இன்று கையடக்கத் தொலைபேசிகளில் உலா வருகின்றது.

இரண்டாவது படத்தை உங்களில் எவரும் கண்டிருக்கமாட்டீர்கள். நமது திகனப் பகுதி இளைஞர்கள் சிலர், தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பாலுள்ள மலையில் கூடாரமடித்து, ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து எடுத்த படம் அது. அதிலே ரோஜாவும் இல்லை, இதழும் இல்லை. சில வெண்புள்ளிகள், அவற்றின் நடுவே ஈரத் துணியால் துடைத்துவிட்டாற்போன்ற ஒரு சாம்பல் நிறக் கறை, உற்றுப் பார்த்தால் ஓரத்தில் இலேசான இளஞ்சிவப்பு. அவ்வளவே.

அவ்விளைஞர்களில் ஒருவரின் தந்தை என்னிடம் வந்து முறையிட்டார். “ஹஸ்ரத், இதைவிட நூறு மடங்கு வடிவான படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றதே! இந்தக் கறைக்காகவா இவன் குளிரிலும் அட்டைக் கடியிலும் இரவைக் கழித்தான்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான மறுமொழியே இவ்வுரை.

முதலாவது படத்திலிருந்து தொடங்குவோம். அது பொய்யாகப் புனையப்பட்ட படமன்று. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1994ஆம் ஆண்டு எடுத்த உண்மையான படமே. ‘பூனைக்கண் நெபுலா’ என்பது அதன் பெயர். அறபியர் ‘தின்னீன்’ என்றழைத்த வடவானத்து நட்சத்திரத் தொகுதியில், 3000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கின்றது. 1786ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் என்பவர் அதைக் கண்டறிந்தார். நமது சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் ஆயுளின் இறுதியில் வெளிப்புற வாயுக்களை அடுக்கடுக்காக உதறிவிடுகின்றது. அந்த வாயுவே ஒளிர்ந்து அவ்வாறு தெரிகின்றது.

அதன் நிறங்களைப் பற்றித்தான் நாம் அறிய வேண்டியதிருக்கின்றது. விஞ்ஞானிகள் அப்படத்தை மூன்று வகை ஒளிகளைத் தனித்தனியே எடுத்து ஒன்றுசேர்த்தார்கள்: ஐதரசனின் ஒளி, ஒட்சிசனின் ஒளி, நைதரசனின் ஒளி. அவர்கள் தெரிந்தெடுத்த அந்த மூன்று ஒளிகளும் நம் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியக்கூடியவை. எது எந்த வாயு என்று பிரித்தறிய வேண்டுமே! ஆதலால் ஐதரசனுக்குச் சிவப்பு, ஒட்சிசனுக்கு நீலம், நைதரசனுக்குப் பச்சை என்று தாமே நிறங்களை வகுத்துக் கொடுத்தார்கள். இதை அவர்கள் மறைக்கவுமில்லை. படத்தோடு சேர்த்தே எழுதி வெளியிட்டார்கள். ஆனால் அதே நெபுலாவை ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பாராயின், நீலமும் பச்சையும் கலந்த சிறு வட்டமாகத்தான் அது தெரியும். ஏனெனில் அதிலிருந்து வரும் ஒளியில் மிகப் பிரகாசமானது ஒட்சிசனின் வேறொரு ஒளி. அது நீலப்பச்சை நிறத்தது. ஆக, ‘ரோஜா’ என்று நாம் கொண்டாடிய நிறம், ஆய்வுக்கூடத்தில் வசதிக்காகப் பூசப்பட்ட நிறம்.

அல்குர்ஆன் வசனத்தின் நிலை என்ன? அந்த வசனம் கியாமத் நாளைப் பற்றிப் பேசுகின்றது. அன்றைய தினம் வானம் பிளந்து செந்நிறமாகும் நிலையைச் சொல்லி மனிதனை எச்சரிக்கின்றது. அதற்கு முன்னும் பின்னுமுள்ள வசனங்களை ஓதிப் பார்ப்பவர் எவருக்கும் இது விளங்கும். நம் வீட்டுக் கூரைக்கு மேலிருக்கும் வானமே பிளக்கும் ஒரு நாளைப் பற்றிய வசனத்தை, தொலைதூரத்தில் தனியே மடிந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தின் மேல் கொண்டுபோய் ஒட்டுவது எந்த தஃப்ஸீரில் இருக்கின்றது? நட்சத்திரம் ஒன்று சாவதைக் கண்டு கியாமத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுவது, எச்சரிக்கையை அலங்காரப் பொருளாக்கிவிடுவதாகும்.

‘நல்ல நோக்கத்தோடுதானே அனுப்புகின்றோம், ஈமான் கூடட்டுமே’ என்பார் சிலர். இவ்விடத்தில் ஒரு ஹதீஸை நினைவூட்ட விரும்புகிறேன். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள சம்பவம் அது.

ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு என்பது அறிஞர் பலரின் கணிப்பு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன், மாரியதுல் கிப்தியா (ரழி) அவர்களின் வயிற்றில் பிறந்த இப்றாஹீம், தாய்ப்பால் மறவாப் பருவத்திலேயே வஃபாத்தாகிவிடுகின்றார். அதே நாளில் சூரிய கிரகணம் பிடிக்கின்றது. பகல் இருள்கின்றது. மதீனத்து மக்கள் என்ன சொன்னார்கள்? நபியின் மகன் மறைந்த துக்கத்தினால் சூரியனே இருண்டுவிட்டது என்றார்கள். சிந்தித்துப் பாருங்கள்! அதைவிடப் பொருத்தமான, கண்ணீர் வரவழைக்கும் ‘அற்புதம்’ வேறு உண்டா? எவரும் கேட்டுப் பெறாத சாட்சி. மக்கள் தாமாகவே நம்பத் தயாராயிருந்த சாட்சி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றும் சொல்லாமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும், அக்கதை இன்றுவரை நின்றிருக்கும்.

அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. மகனை இழந்த அன்றே மக்களைக் கூட்டி, கிரகணத் தொழுகையை நடத்தினார்கள். பின்னர், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்பதையும், எந்த மனிதரின் இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை இருளடைவதில்லை என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தார்கள். தம் மகனின் மரணத்தைக்கூட ஆதாரமற்ற ஓர் அற்புதத்துக்கு முட்டுக்கொடுக்க அவர்கள் அனுமதிக்கவில்லை. அந்த நபியின் உம்மத்தாகிய நாம், பூனைக்கண் நெபுலாவுக்கு ரோஜா வேஷம் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கின்றோம்! ஒரு மாணவன் அந்தப் படத்தின் உண்மையைப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் அறியும்போது, படத்தை மட்டுமா சந்தேகிப்பான்? அதை அவனுக்கு அனுப்பிய தந்தையையும், மிம்பரில் காட்டிய மௌலவியையும், அதன் கீழே எழுதியிருந்த வசனத்தையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பான்?

திகனயில் வாழும் நமக்கு இதை வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி தொலைபேசிகளில் பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிற்பாடு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது, அது வெறும் மாக்கட்டி என்று வெளியானது. அதே நாட்களில் நமது பகுதியில், சிங்களச் சாரதி ஒருவரை நம் சமூகத்து இளைஞர் சிலர் தாக்கினர். அவர் மார்ச் 3ஆம் திகதி உயிரிழந்தார். அது பெரும் அநியாயம். அதை அநியாயம் என்றே சொல்வோம். ஆனால் மார்ச் 5ஆம் திகதி திகனயில் மூண்ட தீ, அந்த ஓர் அநியாயத்தினால் மாத்திரம் மூண்டதன்று. எங்கோ எடுத்த படங்களும், எவரோ புனைந்த செய்திகளும் கைக்குக் கை மாறி அதற்கு எண்ணெய் வார்த்தன. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, வீட்டுக்குள்ளிருந்த நம் இளைஞர் ஒருவர் மடிந்தார். அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. முகநூல் நிறுவனம் தன் தளம் வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக 2020ஆம் ஆண்டு மன்னிப்புக் கோரியது.

அந்தப் படங்களை அனுப்பியவர்களிலும் ‘நல்ல நோக்கத்தோடு’ அனுப்பியதாக எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். ஆராயாமல் அனுப்பும் கைக்கு மதம் இல்லை, நேயர்களே! அது பழகிய கை. இன்று ரோஜாவை அனுப்பும், நாளை நெருப்பை அனுப்பும். அறிவில்லாத விடயத்தைப் பின்தொடர்வது பற்றி ஸூரா பனூ இஸ்ராயீலின் 36ஆம் வசனம் எச்சரிக்கும்போது, செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்ற கருத்தை முன்வைக்கின்றது. தொலைபேசித் திரையைப் பார்த்த பார்வைக்கும் அந்த விசாரணையில் விலக்கில்லை.

இனி, அந்தச் சாம்பல் நிறப் படத்துக்கு வருவோம்.

அறபுக் கல்லூரிகளில் ஹதீஸ் கலையைப் படிக்கும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது ஸனத். இச்செய்தியை உனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர்கள் சந்தித்தார்களா, மனனத்தில் உறுதியானவர்களா என்று சங்கிலித் தொடராக ஆராயும் முறை அது. வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர்களிடமும் இதற்கு ஒப்பான ஒரு வழக்கம் உண்டு என்பதை அறிந்து நான் பெரிதும் மகிழ்ந்தேன். படத்தின் கீழே எடுத்தவர் பெயர், இடம், திகதி, எந்தக் கமெரா, எந்த வில்லை, எத்தனை வினாடி, எத்தனை படங்கள், பின்னர் கணினியில் என்ன செய்யப்பட்டது என்று யாவற்றையும் எழுதிவைக்கின்றார்கள். ரோஜாப் படத்தின் கீழ் இவற்றில் ஒன்றாவது இருந்ததா? ஹபிள் நிறுவனத்தார் எழுதிய குறிப்பையும் யாரோ வெட்டி எறிந்துவிட்டல்லவா அனுப்பினார்கள்! ஸனத்தை வெட்டிய செய்தி அது.

நம் இளைஞர்கள் எடுத்தது ஓரியன் நெபுலா. தை, மாசி மாதங்களில் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், ஓரியன் நட்சத்திரத் தொகுதி ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்து நிற்கும். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அதுவே இடைவார். அவற்றில் ஒன்றுக்கு இன்றும் உலகமெங்கும் வழங்கும் பெயர் ‘அல்நிதாக்’, இடைவார் என்னும் அறபுச் சொல். காலிலுள்ள பிரகாசமான நட்சத்திரம் ‘ரிஜ்ல்’, அதாவது கால். அந்த இடைவாரைத் தென்கிழக்காக நீட்டிச் சென்றால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரத்தில் போய் முட்டும். அதுதான் ‘ஷிஃரா’, ஸூரத்துந் நஜ்மில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் நட்சத்திரம். மக்காவில் சிலர் அதை வணங்கினர். அதற்கும் இரட்சகன் அல்லாஹ்வே என்று அந்த ஸூரா உணர்த்துகின்றது.

இடைவாருக்குக் கீழே வாள் தொங்குவது போல் சில மங்கலான புள்ளிகள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளி சற்றுக் கலங்கித் தெரிந்தால், நீங்கள் ஓரியன் நெபுலாவைக் கண்டுவிட்டீர்கள். பூனைக்கண் சாகும் நட்சத்திரம். இதுவோ நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். மாபெரும் ஐதரசன் முகிலின் மத்தியில் புதிதாய்த் தோன்றிய சில வெப்பமான நட்சத்திரங்களின் புறஊதா ஒளி பட்டு, முகில் முழுவதும் ஒளிர்கின்றது. இருளில் நம் கண் நிறத்தை உணராது, ஒளியைச் சேமித்தும் வைக்காது. கமெரா சேமிக்கும். ஆனால் பூமி சுழல்வதால், நட்சத்திரங்கள் இரண்டு நிமிடங்களில் சந்திரனின் அகலமளவு நகர்ந்துவிடுகின்றன. முக்காலியில் வைத்த சாதாரணக் கமெராவைச் சில வினாடிகளுக்கு மேல் திறந்து வைத்தால், புள்ளி கோடாகிவிடும். ஆதலால் ஐந்து ஐந்து வினாடிகளாக 200 படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொரு தனிப் படத்திலும் இருந்தது சொற்ப ஒளிதான். 200 படங்களில் சேர்ந்தது ஏறத்தாழ 17 நிமிட ஒளி. இடையே பனி படர்ந்து வில்லையை மூடியது. காற்றில் முக்காலி ஆடியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அத்தந்தை கண்ட ‘கறை’ அவ்விதம் பிறந்தது.

1880ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் இதே நெபுலாவைத்தான் 51 நிமிடங்கள் கமெராவைத் திறந்து வைத்துப் படமெடுத்தார். உலகில் எடுக்கப்பட்ட முதலாவது நெபுலாப் படம் அதுவே. அதுவும் மங்கலான படம்தான். அதை எவரும் கறை என்று எறிந்துவிடவில்லை.

இவ்விடத்தில் நம் முன்னோர் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 903இல் ரை நகரில் பிறந்தவர். 964ஆம் ஆண்டளவில் நிலையான நட்சத்திரங்களைப் பற்றி ஒரு பெருநூலை எழுதினார். முன்னவர்களின் நூல்களையும், தட்டான்கள் செய்த வான் உருண்டைகளையும் பார்த்தே எழுதி, வானத்தை ஏறிட்டும் பாராதவர்களை அவர் தம் முன்னுரையில் கண்டிக்கின்றார். தாமோ இரவிரவாக நோக்கி, ஒவ்வொரு நட்சத்திரத்தின் பிரகாசத்தையும் தம் கண்ணால் அளந்து, தொலமியின் கணக்கு பிழைத்த இடங்களைத் திருத்தினார். மீனின் வாயருகே ஒரு ‘சிறு முகில்’ இருப்பதைப் பதிந்துவைத்தவரும் அவரே. அது இன்று அந்திரோமிடா எனப்படுகின்றது; 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள தனியொரு விண்மீன் பேரடை. அது என்னவென்று அவர் அறிந்திருக்கவில்லை, அறிந்ததாக எழுதவுமில்லை. கண்டதை, கண்ட அளவுக்கு எழுதினார். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்தச் சாட்சியம் நிற்கின்றது. (ஓரியன் நெபுலாவை அவர் குறிப்பிடவில்லை. அதை முதலில் கண்டு பதிந்தவர் 1610இல் ஒரு பிரெஞ்சுக்காரர். எல்லாவற்றையும் நம்மவரே முதலில் கண்டார்கள் என்று அடித்துச் சொல்லும் பழக்கமும் ரோஜாப் படத்தின் தம்பிதான்.)

பிறை பார்க்கும் சமூகம் நாம். பிறை கண்டேன் என்று சாட்சி சொல்ல வருபவரிடம் எங்கே, எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று கேட்கின்றோம். அழகான பிறைப் படம் ஒன்றை இணையத்திலிருந்து காட்டி எவரும் நோன்புப் பெருநாள் கொண்டாட முடியாது. அந்தக் கண்ணோடு அவ்விளைஞர்களின் படத்தைப் பார்க்கும்படி அத்தந்தையிடம் கூறினேன். உங்கள் மகனின் கமெராவில் பட்ட ஒளி, ஏறத்தாழ 1340 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. நபிகளாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் பஸராவில் உயிரோடு இருந்து ஹதீஸ் அறிவித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று புறப்பட்ட ஒளி, வழியில் எவர் கையும் படாமல் வந்து உங்கள் மகனின் வில்லையில் விழுந்திருக்கின்றது. இணையப் படத்தை அவன் பார்த்தான். இதற்கு அவன் சாட்சி. தந்தை படத்தை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கறை எந்தப் பக்கம் வானத்தில் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

படமெடுப்பது கூடுமா என்று சிலர் கேட்கின்றார்கள். உருவம் வரையும் தொழிலாளி ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், உயிரற்றவற்றையும் மரங்களையும் வரைந்துகொள்ளுமாறு வழிகாட்டியதை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கின்றோம். நெபுலாவுக்கு உயிரில்லை, இவ்விடயத்தில் நீண்ட விவாதம் வேண்டியதில்லை. நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வது முற்றிலும் வேறு. அதன் பக்கம் போகாதீர்கள்.

பெற்றோர்களே, 2018க்குப் பின்னர் பிள்ளை அந்திக்குப் பிந்தினாலே உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வதை நான் அறிவேன். அந்த அச்சத்தைச் சிறிதாக எண்ணி இதைப் பேசவில்லை. ஆயினும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தொலைபேசியோடு இருக்கும் மகன் வீட்டில் பத்திரமாக இருக்கின்றான் என்று எண்ணிவிடாதீர்கள். மலைக்கு அனுப்பத் தயங்கினால் நீங்களும் கூடச் செல்லுங்கள். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கூடாரமடிக்க வேண்டாம். அண்டைக் கிராமத்தவரிடம், அவர்கள் எந்தச் சமூகத்தவராயினும், முன்கூட்டியே சென்று யார், எதற்காக வந்திருக்கின்றோம் என்று சொல்லிவிடுங்கள். இருட்டில் விளக்கோடு திரியும் அந்நியரைக் கண்டால் எவரும் ஐயுறுவர். முடிந்தால் அவர்களின் பிள்ளைகளையும் அழைத்துத் தொலைநோக்கியில் காட்டுங்கள்.

எந்த இரவில் செல்வது என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியில் 27ஆம் பிறை முதல் அடுத்த மாதத்து இரண்டாம் பிறை வரையிலான இரவுகளைப் பாருங்கள்; சந்திர ஒளி தொல்லை தராத இரவுகள் அவையே. மழைக்காலம் ஓய்ந்த ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இஷாவைத் தொழுதுவிட்டுக் கமெராவைப் பொருத்துங்கள். உப்பும் சவர்க்காரமும் அட்டைக்கு நல்லது. வில்லையில் பனி படராமலிருக்க ஓர் உலர்ந்த துணி. படம் எடுத்து முடிந்ததும் இடம், திகதி, வினாடிக் கணக்கு ஆகியவற்றை அங்கேயே ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள், காலையில் மறந்துவிடும். ஸுப்ஹுக்குப் பாங்கு சொல்ல அங்கே பள்ளிவாசல் இராது. உங்களில் ஒருவர் கிழக்கு வெளுப்பதைப் பார்த்துப் பாங்கு சொல்லுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.